கொக்குக்குப் புருவம்

மாலைக் காட்சி முடிந்து வடசேரிக்கு நடந்தோம், நாலு பேர்.
மழை விட்டிருந்தது. ஹமீம் மட்டும் குடையை மடக்கவில்லை.
கோபம் அவனுக்கு முதலில் கையில்தான் தெரியும்.

"அது எனக்க கொக்கு இல்ல" என்றான்.

ஒவ்வொரு இறகையும் எண்ணி ஒட்டியிருக்கிறார்கள்.
மழை பெய்தால் நனைகிறது. அலகில் சேறு.
கண்ணுக்குள் குளம், குளத்துக்குள் மேகம்,
நிஜமென்றால் அப்படியொரு நிஜம்.
புருவம்தான் இல்லை.

வரைந்த படத்தில் இருந்தது,
ஒரே இழுப்பில் போட்ட இரண்டு கோடு.
ஆச்சரியம் வந்தால் முகத்தை விட்டு எழும்பி
கொக்குக்கு முன்னாலேயே பறந்து போகும்.
மீன் தப்பினால் ஒன்று மட்டும் சரிந்து தொங்கும்.
அந்தச் சரிவைப் பார்த்துத்தான் தோற்கப் பழகினேன் என்று
முப்பத்தெட்டு வயதில், பேருந்து நிலையத்தில்,
சாயா கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்
வள்ளத்து எஞ்சினுக்கு உதிரிபாகம் விற்கும் ஒருவன்.

ஷிஜின் விடவில்லை. இரண்டாம் தடவை பார்க்கிறான் அவன்.
"பின்ன, உயிருள்ள கொக்குக்கு மை தேச்சு விடணுமாலே?
படம் கொள்ளாம். முந்தாநாத்து எனக்க மோள்
சீட்டுல எழும்பி நின்னு பார்த்தா."
"உனக்க மோள் லிஃப்டையும்தான் எழும்பி நின்னு பார்ப்பா."
சிரித்தோம். ஷிஜின் சிரிக்கவில்லை.
ரசவடையைப் பிய்த்துப் பிய்த்து
தின்னாமல் வைத்தான்.

"நீ சொல்லு, எக்ஸ்ரே எடுக்கவனாக்கும்."
நான் சொன்னேன்:
என்கிட்ட வாறது எல்லாமே நிஜம்தான்,
முட்டு, முதுகு, விழுங்கின ஊக்கு.
எதிலயும் ஆளு தெரிஞ்சதில்ல.
நல்லா சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு.
அதற்குள் குளச்சல் வண்டி ஹார்ன் அடித்துவிட்டது,
யாருக்கும் கேட்கவில்லை.

அதுவரை வாய் திறக்காத பெல்சி கேட்டாள்,
"புருவம் என்ன கலரு?"
"நீலம்." ஹமீமுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.
"பச்சை" என்றான் ஷிஜின். பிறகு மெதுவாக,
"எங்க டிவியில டியூப் போயிருந்து. எல்லாமே பச்சை."

"எங்களுக்கு கருப்பு வெள்ளை" என்றாள் பெல்சி.
"முட்டத்துக் காத்துல ஆன்டெனா நிக்காது.
கொக்குக்குப் பின்னால எப்பவும் இன்னொரு கொக்கு,
கொஞ்சம் மங்கலா, அதே மாதிரி நடக்கும்.
தங்கச்சின்னு நினைச்சிருந்தேன்.
அவளுக்குப் பேச்சே கிடையாது. ஆனா கூடவே வருவா,
கடைசியில கொக்கு தனியா போகுதுன்னு பாட்டுல சொல்லும்போதும்.
இன்னைக்கு இவ்வளவு பெரிய திரையில தேடினேன்."

சாயாக்காரர் கிளாஸ்களைப் பொறுக்கினார்.
யாரோ காசு கொடுத்தோம், யாரென்று நினைவில்லை.
பெல்சியின் வண்டி கிளம்பும்போது
ஷிஜின் ஜன்னலுக்குக் கீழே ஓடிப்போய் கேட்டான்,
"அந்தத் தங்கச்சிக்குப் புருவம் உண்டா?"
அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

இரவு ஒன்று நாற்பதுக்கு ஹமீமிடமிருந்து செய்தி:
நீலம்தான்.

காலையில் எனக்கு ஆசாரிப்பள்ளத்தில் டியூட்டி.
முதல் ஆள் ஒரு பையன், சைக்கிளிலிருந்து விழுந்த மணிக்கட்டு.
சட்டையில் புதுக் கொக்கு, இறகு இறகாக.
"இதுக்குப் புருவம் இல்லியே மக்கா" என்றேன்
கையை மெல்லத் தட்டில் படுக்க வைத்து.
அழுகையை நிறுத்தினான்.
"கொக்குக்கு எதுக்கு மாமா புருவம்?"
கேட்கும்போது அவனுக்கு ஒன்று மட்டும்
நெற்றியில் பாதி தூரம் ஏறிப்போய் நின்றது.

"அசையாதே" என்றேன்.